உதவித்தொகைக் கவுண்ட்டரின் உள்பக்கத்திலிருந்து

ஒரு கல்லூரி அலுவலகத்தின் உதவித்தொகைப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இரண்டு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. காலிப்பர் போட்டு நடக்கிறேன். ஆகவே இந்தக் கவுண்ட்டரின் வெளிப்பக்கமும் எனக்குத் தெரியும். 1996இல் பி.காம். முதலாண்டு படித்தபோது எனக்கு வந்த முதல் உதவித்தொகைக் காசோலையில் இனிஷியல் மாறியிருந்தது. அப்பா பெயர் ரகரத்தில் தொடங்கும்; அதில் வேறு எழுத்து. வங்கியில் இருந்தவர் காசோலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது நீயில்லையேம்மா” என்றார். திருத்திய காசோலை வருவதற்குள் இரண்டாம் ஆண்டு தொடங்கிவிட்டது.

இப்போது காசோலை போய்விட்டது, பணம் நேராகக் கணக்குக்கு வருகிறது. இனிஷியல் தொல்லை மட்டும் அப்படியே இருக்கிறது. தகுதி இல்லாமல் உதவித்தொகையை இழந்த மாற்றுத்திறனாளி மாணவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. எல்லாத் தகுதியும் இருந்து, கையில் உள்ள தாள்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால் இழந்தவர்களைத்தான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். அதனால் என்னென்ன திட்டங்கள் என்பதைக் கொஞ்சம் தள்ளிவைத்து, தாள்களிலிருந்தே தொடங்குகிறேன். ப்ளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு, முடிவு வரும்வரை காத்திருக்காமல், இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

அட்டை

யூடிஐடி என்கிற, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை இல்லாமல் இன்று எதுவும் நகராது. எழுத்தும் எண்ணும் கலந்த 18 இட அடையாள எண் கொண்ட அட்டை அது. ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டு, அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழுவினர் முன் போக வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் முகாம் நடக்கும் நாளைச் சொல்வார்கள். கிட்டத்தட்ட எல்லாக் கல்வி உதவிகளுக்கும் வாசற்படி 40 விழுக்காடு குறைபாடு. அட்டையின் நிறமே ஓரளவு சொல்லிவிடும்: 40க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80உம் அதற்கு மேலும் நீலம். குழு தந்த விழுக்காடு தவறு என்று நினைத்தால் மேல்முறையீடு செய்யச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அங்கேயே அழுதுவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கண், காது, கை, கால் ஆகியவற்றோடு கணக்கு முடிந்துவிட்டது என்றே பல பெற்றோர் நினைக்கிறார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா, தலசீமியா, கற்றல் குறைபாடு, அமில வீச்சால் பாதிக்கப்பட்டவர்கள், நெடுநாள் நரம்பியல் நோய்கள் எல்லாம் அதில் உண்டு. எங்கள் கல்லூரியில் ஹீமோஃபிலியா உள்ள பையன் ஒருவன், ஊசி மருந்துக்கு விடுப்பு எடுத்ததற்கு விளக்கக் கடிதம் கொடுக்க மூன்றாம் ஆண்டில் அலுவலகத்துக்கு வந்தான். “உன்னிடம் அட்டை இருக்கிறதா தம்பி?” என்று கேட்டேன். “அது எனக்கு எதற்கு மேடம்? நான் நன்றாகத்தானே நடக்கிறேன்” என்றான். இரண்டு ஆண்டு உதவித்தொகை போனது போனதுதான்.

அட்டையைக் கையில் வாங்கியதும் இரண்டைப் பாருங்கள். சான்று நிரந்தரமானதா, தற்காலிகமானதா? தற்காலிகம் என்றால் காலாவதி தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டுவையுங்கள். படிப்பின் நடுவே அது முடிந்தால் புதுப்பித்தல் விண்ணப்பம் நின்றுவிடும். அடுத்து, பெயர். அதைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும்.

இனிஷியல்

போன ஜூலையில் ஒரு மாணவி வந்தாள். பி.ஏ. தமிழ் முதலாண்டு, குறைந்த பார்வை. ஒரு பிளாஸ்டிக் கவரில் எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். நான்கு தாள்களை மேசையில் வரிசையாக வைத்தேன். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் ஒற்றை இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால் அப்பாவின் முழுப் பெயர். வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இல்லை. யூடிஐடி அட்டையில் இனிஷியல் முன்னால் வந்து, பெயரில் ஓர் எழுத்தும் கூடியிருந்தது. தமிழில் நான்கும் ஒரே பெண்தான். ஆங்கிலத்தில் எழுதியதும் நான்கு பெண்கள் ஆகிவிட்டார்கள். கணினிக்கு அவளைத் தெரியாது. எழுத்தை மட்டுமே ஒப்பிட்டுப் பார்க்கும்.

எதைத் திருத்துவது? பத்தாம் வகுப்புச் சான்றிதழை ஆணிவேராக வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெயரை மாற்றுவது பெரும்பாடு. அதற்கேற்ப ஆதாரைத் திருத்துங்கள், ஆதாருக்கேற்ப வங்கிக் கணக்கைத் திருத்துங்கள், கடைசியில் யூடிஐடி. இந்த வரிசை மாறினால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய நேரிடும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரு முறைதான். ஆகவே திருத்தம் கொடுக்கும் முன் மையத்தில் இருப்பவர் தட்டச்சு செய்ததை ஒவ்வோர் எழுத்தாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள், “திரையைப் பார்த்துச் சரி என்று சொல்” என்று யார் சொன்னாலும் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள்.

அந்த மாணவிக்கு நான்கையும் ஒன்றாக்க ஏழு வாரம் ஆயிற்று. விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் மிச்சம் இருந்ததால் பிழைத்தாள்.

வங்கிக் கணக்கு

அரசு அனுப்பும் பணம் இப்போது பெரும்பாலும் கணக்கு எண்ணைத் தேடிப் போவதில்லை. ஆதார் எண்ணைத் தேடிப் போகிறது. உங்கள் ஆதார் எந்த வங்கியோடு பொருத்தப்பட்டிருக்கிறது என்பதைத் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தின் பட்டியல் சொல்கிறது. அதில் ஓர் ஆதாருக்கு ஒரு வங்கிதான். கடைசியாக எந்த வங்கியில் இதற்கு ஒப்புதல் கொடுத்தீர்களோ, அந்த வங்கிக்கே பணம் போகும்.

இங்கேதான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். “ஆதாரைக் கணக்கோடு இணைத்துவிட்டோம் மேடம்” என்பார்கள். வங்கியில் ஆதார் நகல் கொடுத்துக் கணக்கு தொடங்குவது வேறு. நேரடிப் பணப் பரிமாற்றத்துக்காக ஆதாரைப் பொருத்துவது வேறு. இரண்டாவதற்குத் தனிப் படிவம் கேட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். வங்கியில் ‘ஆதார் சீடிங்’ என்று கேட்டால்தான் புரிந்துகொள்கிறார்கள். ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்து, கைபேசிக்கு வரும் ரகசிய எண்ணையும் போட்டால், பொருத்தப்பட்ட வங்கியின் பெயரும் அது செயல்பாட்டில் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். விண்ணப்பிக்கும் முன் ஒரு முறையும் டிசம்பரில் ஒரு முறையும் பாருங்கள்.

டிசம்பரில் எதற்கு என்று கேட்கலாம். சக்கர நாற்காலியில் வரும் மாணவர் ஒருவர் புது சிம் வாங்கிய கடையில், “விரலை வையுங்கள்” என்றதும் வைத்திருக்கிறார். சிம்மோடு கூடவே ஒரு கைபேசி வங்கிக் கணக்கும் தொடங்கிவிட்டார்கள். ஆதார் அங்கே மாறிவிட்டது. உதவித்தொகை அவருக்கே தெரியாத கணக்கில் போய் விழுந்து நான்கு மாதம் கிடந்தது. பணம் வரவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். பொதுநிதி மேலாண்மை அமைப்பின் இணையதளத்தில் தேடிப் பார்த்தபோதுதான் எந்த வங்கிக்குப் போனது என்று தெரிந்தது.

பெற்றோரோடு கூட்டுக் கணக்கு வேண்டாம். மாணவர் பெயரில் தனிக் கணக்கு இருக்கட்டும். இரண்டு ஆண்டு தொடாமல் கிடந்த கணக்கு முடங்கிவிடும். பள்ளிக் காலத்தில் தொடங்கிய கணக்குகள் பெரும்பாலும் அந்த நிலையில்தான் இருக்கின்றன. வங்கியில் அடையாள, முகவரி ஆவணங்களைப் புதுப்பித்துக் கொடுத்து அதற்கு உயிர் கொடுங்கள். பார்வையற்ற மாணவி ஒருத்தி கைபேசியில் கணக்கு தொடங்கப் போனபோது செயலி, கண்ணைச் சிமிட்டச் சொல்லி அடம்பிடித்தது. இப்படிப்பட்ட தடைகளைப் பற்றித்தான் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்புச் சொன்னது: மின்னணு வழிச் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி, மாற்றுத்திறனாளிகளுக்கு மாற்று வழி இருக்க வேண்டும் என்று. வங்கி மேலாளரிடம் அந்தத் தீர்ப்பைச் சொல்லி, நேரில் கணக்கு தொடங்கித் தரக் கேளுங்கள். அந்த மாணவி கேட்டாள், தொடங்கித் தந்தார்கள்.

எந்தப் பணம் உங்களுக்கு?

பொது விதி ஒன்று: ஒரே நேரத்தில் இரண்டு அரசு உதவித்தொகைகளை வாங்கப் பெரும்பாலான திட்டங்கள் விடாது. அதனால் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் விண்ணப்பித்துவைத்தால் ஏதாவது ஒன்று கிடைக்காதா என்பார்கள் பெற்றோர். கடைசியில் இரண்டும் சிக்கலாகி நிற்கும்.

தமிழ்நாடு அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் கல்வி உதவித்தொகை, பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு ரூ.12,000, முதுநிலைக்கும் தொழிற்கல்விக்கும் ரூ.14,000. கல்லூரியில் படிவத்தில் முத்திரை வாங்கி, முந்தைய ஆண்டு மதிப்பெண் பட்டியலோடு மாவட்ட அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். பார்வையற்ற மாணவர்களுக்கு வாசிப்பாளர் உதவித்தொகை தனியாக உண்டு. அதைக் கேட்காமல் யாரும் தரமாட்டார்கள்.

மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக், அதாவது பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பி.ஏ., பி.எஸ்சி. போன்ற படிப்புகளுக்கு விடுதியில் தங்குபவருக்கு மாதம் ரூ.950, வீட்டிலிருந்து வருபவருக்கு ரூ.650. பொறியியல், மருத்துவம் போன்றவற்றுக்கு இது ரூ.1,600, ரூ.750. புத்தகத்துக்கு ஆண்டுக்கு ரூ.1,500. மேற்கொண்டு மாற்றுத்திறன் படி என்று பார்வை, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ரூ.4,000, மற்றவர்களுக்கு ரூ.2,000. படித்தால் சின்னத் தொகையாகத் தெரியும். ஆனால் இதில் கல்விக் கட்டணத்தையும் ஆண்டுக்கு ரூ.1.5 லட்சம் வரை திருப்பித் தருகிறார்கள். தேர்வு இங்கேதான் இருக்கிறது. கட்டணம் சொற்பமான அரசுக் கல்லூரியில் படிக்கிறீர்கள் என்றால் மாநில உதவித்தொகை எளிது; விடுதியில் தங்குபவர் மட்டும் இரண்டு தொகைகளையும் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். சுயநிதிக் கல்லூரியில் எழுபதாயிரம் கட்டுகிறீர்கள் என்றால் மத்திய உதவித்தொகையை விட்டுவிடாதீர்கள். இடங்களுக்கு வரம்பு உண்டு என்பதையும் மனதில் வையுங்கள்.

ஏ.ஐ.சி.டி.இ. என்கிற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் பொறியியல் போன்ற தொழில்நுட்பப் பட்டப்படிப்போ டிப்ளமோவோ படித்தால் சக்ஷம் உதவித்தொகையைப் பாருங்கள். ஆண்டுக்கு ரூ.50,000, வருமான வரம்பு ரூ.8 லட்சம். முதலாண்டிலோ, நேரடியாக இரண்டாமாண்டில் சேர்ந்தால் அப்போதோ விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் செய்தித்தாளைப் பார்த்துவிட்டு வருபவர்களைத் திருப்பி அனுப்பும்போது எனக்கே மனம் கசந்துபோகிறது.

ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற பட்டியலிட்ட நிறுவனங்களில் இடம் கிடைத்திருந்தால் ‘டாப் கிளாஸ்’ திட்டம் உங்களுக்கானது. வருமான வரம்பு அதிலும் ரூ.8 லட்சம், கட்டணம், தங்குசெலவு, கணினி என்று தனித்தனியே தருவார்கள். முனைவர் பட்ட ஆய்வுக்கு மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை இருக்கிறது.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மாதம் ரூ.1,000 தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்கள் வேறு கணக்கு. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் அவை உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதைக் கூடுதலாக வாங்கலாம் என்று மாநில அரசே சொல்லியிருக்கிறது. “நீ மாற்றுத்திறனாளி உதவித்தொகை வாங்குகிறாயே, இது எதற்கு?” என்று எந்த அலுவலகத்தில் யார் கேட்டாலும் வாய்மூடி நிற்காதீர்கள்.

அப்பாவின் சம்பளம் எல்லா வரம்பையும் தாண்டுகிறது என்றால் அவருக்கு ஒரு வழி. பழைய வரிமுறையில் கணக்குக் கொடுப்பவராக இருந்தால், 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 80டிடி பிரிவாக இருந்த சலுகைப்படி, வரிக்கு உரிய வருமானத்திலிருந்து ரூ.75,000 கழித்துக்கொள்ளலாம், பிள்ளையின் குறைபாடு 80 விழுக்காடும் அதற்கு மேலும் என்றால் ரூ.1.25 லட்சம்.

விண்ணப்பம்

வருமானச் சான்று இ-சேவை மையத்தில் கிடைக்கும். அவர்கள் மொழியில் அது ‘ஆர்.ஈ.வி. 103’. கட்டணம் அறுபது ரூபாய். கேன் எண் என்று ஒன்று தருவார்கள், குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அது இருந்தால் பாதி வேலை மிச்சம்.

மத்தியத் திட்டங்கள் பெரும்பாலும் தேசிய உதவித்தொகை இணையதளம் வழியாகத்தான். முதலில் ஒருமுறைப் பதிவு செய்ய வேண்டும். 14 இலக்க எண் ஒன்று வரும், அதுவே படிப்பு முடியும்வரை உங்கள் எண். அந்த எண்ணைக் கணினி மையக்காரரின் நோட்டில் மட்டும் விட்டுவிட்டு வராதீர்கள். கைபேசி எண்ணும் உங்களுடையதாகவே இருக்கட்டும். மையக்காரர் தன் எண்ணைக் கொடுத்துவிட்டு, குறை வந்த செய்தி அவருக்குப் போய், அவர் மறந்துபோய், நாள் கடந்துபோன கதைகள் என்னிடம் கட்டுக்கட்டாக இருக்கின்றன.

கல்லூரிப் பெயரைப் பட்டியலில் தேர்ந்தெடுக்கும்போது நிதானம் வேண்டும். ஒரே பெயரில் இரண்டு கல்லூரிகள் இருக்கும். பகல் நேரம், மாலை நேரம் என்று ஒரே கல்லூரிக்கு இரண்டு பதிவுகளும் இருக்கலாம். தவறானதைத் தொட்டால் உங்கள் விண்ணப்பம் என் திரைக்கே வராது. நீங்கள் ‘அனுப்பிவிட்டேன்’ என்பீர்கள், நான் ‘வரவில்லை’ என்பேன், இருவரும் பொய் சொல்லவில்லை.

அனுப்பியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். முதலில் கல்லூரி சரிபார்க்க வேண்டும், பிறகு மேல்நிலை அலுவலகம். மாணவருக்குக் கடைசி நாள் ஒன்று, கல்லூரிக்குக் கடைசி நாள் இன்னொன்று. அனுப்பிய வாரமே விண்ணப்ப நகல், கட்டண ரசீது, சான்றுகளின் நகல் ஆகியவற்றோடு உதவித்தொகைப் பிரிவுக்குப் போங்கள். நேரில் வந்து நிற்கும் மாணவரின் விண்ணப்பம் முதலில் திறக்கப்படுகிறது. அது நியாயமா என்று கேட்டால், இல்லை. மாடிப்படி ஏற முடியாதவருக்கு இன்னும் அநியாயம். எங்கள் அலுவலகம் முதல் மாடியில் இருந்த ஆண்டுகளில் நான் மதியச் சாப்பாடு முடிந்ததும் கீழே நூலக வராந்தாவில் வந்து உட்கார்ந்துகொள்வேன். உங்கள் கல்லூரியில் அப்படி யாரும் வராவிட்டால், கீழே வரச் சொல்லி முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

‘குறைபாடுடையது’ என்று விண்ணப்பம் திரும்பி வந்தால் அது நிராகரிப்பு அல்ல. குறிப்பிட்ட குறையைத் திருத்தி, கெடுவுக்குள் மறுபடி அனுப்பலாம். ‘நிராகரிக்கப்பட்டது’ என்று வந்தால்தான் அந்த ஆண்டு முடிந்தது. முதல் வகைச் செய்தியைப் பார்த்து மனம் உடைந்து வீட்டில் உட்கார்ந்துவிட்ட பிள்ளைகள் உண்டு.

கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

கட்டாமல் தப்பிய பணமும் வந்த பணம்தான். கல்விக் கட்டணம், சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் என்று ஒவ்வொன்றுக்கும், கட்டும் முன்பே ‘மாற்றுத்திறனாளிக்கு விலக்கு உண்டா?’ என்று கேளுங்கள். சில பல்கலைக்கழகங்கள் பார்வையற்றவர்களிடம் தேர்வுக் கட்டணம் வாங்குவதில்லை. கட்டியபின் திரும்ப வாங்குவது கல்லில் நார் உரிப்பதுதான்.

நீங்கள் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதித் தரும் பதிலி எழுத்தருக்குச் சொந்தக் காசு கொடுக்கும் முன் தேர்வுப் பிரிவில் கேளுங்கள். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் உங்களுக்கு உண்டு. வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகக் கட்டணமில்லாப் பேருந்து அட்டையை மாவட்ட அலுவலகத்தில் பெறலாம். இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர், பேட்டரி நாற்காலி, பார்வை, செவிக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திறன்பேசி ஆகியவற்றுக்கும் அங்கேயேதான் மனுக் கொடுக்க வேண்டும். மனுவுக்கு அசைவில்லை என்றால் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியரின் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, மனு எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் ஆண்டு

முதலாண்டு வாங்கியவர்களில் சிலர் இரண்டாமாண்டு காணாமல் போகிறார்கள். தானாகவே வரும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வராது. ஒவ்வோர் ஆண்டும் புதுப்பித்தல் விண்ணப்பம் போட வேண்டும், மறுபடியும் புதிய விண்ணப்பமாகப் போட்டுவிடக் கூடாது. தேர்ச்சி பெற்ற மதிப்பெண் பட்டியலும், போன ஆண்டு கட்டண ரசீதும் கேட்பார்கள்.

கடைசியாக, சான்றிதழ் எதையும் லேமினேட் செய்யாதீர்கள். பழைய மருத்துவச் சான்றில் முத்திரை ஏற்கெனவே மங்கியிருக்கும். சூட்டில் அது மொத்தமாகக் கரைந்துபோய், பச்சை மையில் போட்ட கையெழுத்து மட்டும் மிதந்துகொண்டிருந்த ஒரு சான்றை இந்த மாதம்கூடப் பார்த்தேன். அந்தப் பையனை மறுபடி மருத்துவமனைக்குத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. ஒரு ரூபாய் பிளாஸ்டிக் உறை போதும்.